இங்கே சொன்னது இங்கேயே இருக்கும்

பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைக்குத் தாய் தகப்பன் அல்லாத ஒரு பெரிய ஆளைத் துணையாகத் தேடிக் கொடுப்பது, கலியாணம் பொருத்துவதைவிடக் கஷ்டமான வேலை. மொன்றியலில் இரண்டு குளிர்காலம் அதைச் செய்தேன். அந்த வயதில் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

விசாரணை

சென்ட் லோரன்டில் ஒரு நிலக்கீழ் அறைதான் எங்கள் இடம். முதல் சனிக்கிழமை பதினாலு கதிரை போட்டேன்: பெரியவர்களுக்கு எட்டு, பிள்ளைகளுக்கு ஆறு. எனக்குக் கூட்டத்தில் பேச வராது. "இங்கே சொன்னது இங்கேயே இருக்கும்" என்ற ஒரு வசனத்தை மட்டும் வீட்டில் பாடமாக்கிக்கொண்டு போய்ப் பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

பெரியவர்களில் ஒருவரான, டாக்சி ஓட்டும் சிவம், நிரோஜா என்ற பிள்ளையிடம் ஊர் எது, தகப்பன் ஆர், தாய் எந்தப் பக்கம் என்று தொடங்கினார். தேத்தண்ணி ஆறுவதற்குள் அவளுக்குச் சித்தப்பா முறை ஆகிவிட்டார். அவள் எழுந்து என்னிடம் வந்தாள்.

"அங்கிள், நான் பேர் மட்டும்தான் சொன்னனான். அவர் என்ர அம்மப்பா வரைக்கும் போயிட்டார்."

தங்கச்சி

ஆகவே, அந்த எட்டுப் பேரில் சொந்தம் எதுவும் கண்டுபிடிக்க முடியாத புவனேஸ்வரியை அவளுக்குத் துணையாக விட்டேன். பனி உருகத் தொடங்கிய நேரத்தில் நிரோஜா அவளிடம் வாய் திறந்தாள். கொலிச் படிப்பை விட்டுவிட்டாளாம். காலையில் புத்தகப் பையோடு மெத்ரோ ரயில் ஏறி, நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு பேக்கரிக்கு வேலைக்குப் போகிறாளாம். வீட்டில் தானே சொல்லக் கொஞ்சம் அவகாசம் கேட்டிருக்கிறாள்.

மறுநாள் பின்னேரமே வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. புவனேஸ்வரிக்குப் போன் எடுத்தேன்.

"தாயிட்ட நான் ஒரு சொல்லும் சொல்லேல்லை அண்ணை. என்ர தங்கச்சியிட்ட மட்டும்தான் சொன்னனான். அவளுக்கும் குமர்ப்பிள்ளை இருக்கெல்லோ."

தகப்பன்

நிரோஜா வீட்டைவிட்டுப் போய்விட்டாள். தகப்பன் எனக்குப் போன் எடுத்தபோது கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை.

"பேக்கரிக்குப் போனனான் ஐயா. என்னைக் கண்டதும் உள்ளுக்குப் போனவள்தான், நான் திரும்புமட்டும் வெளியில வரேல்லை."

வந்தவர்கள்

அடுத்த சனியும் பதினாலு கதிரை போட்டேன். பெரியவர்கள் எட்டுப் பேரும் நேரத்துக்கு வந்தார்கள். பிள்ளைகள் ஒருவரும் வரவில்லை. மற்ற ஆறு கதிரைகளையும் மடக்கி வைக்க எனக்குக் கை வரவில்லை. சிவம் கால் நீட்டி உட்கார்ந்தார்.

"பிள்ளையள் இல்லாததும் ஒரு விதத்தில நல்லது அண்ணை. மனம் விட்டுக் கதைக்கலாம்."

பாண்

பிறகு நானே அந்தப் பேக்கரிக்குப் போனேன். நிரோஜா கல்லாவில் நின்றாள். முன்பின் தெரியாத ஆளுக்குச் சொல்வதுபோல "போன்ஜூர்" என்றாள். மெலிந்திருந்தாள். ஒரு பாண் வாங்கினேன். நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டேன் என்று மெதுவாகச் சொன்னேன். அவள் பாணைச் சுற்றிக்கொண்டே தலை நிமிராமல் பேசினாள்.

"இல்லை அங்கிள், சொல்லுங்கோ. நான் நேரத்துக்குச் சாப்பிடுறன் எண்டு அம்மாக்குப் போகவேணும். உங்கட ஆக்கள் கெதியாச் சொல்லுவினம்தானே."

அன்று பின்னேரம் புவனேஸ்வரியின் காதில் மட்டும் போட்டேன். இராச் சாப்பாட்டுக்கு முன்னமே அது தாய்க்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு குளிர்காலத்தில் நாங்கள் ஒரு பிள்ளைக்குச் செய்த உருப்படியான உதவி அந்த ஒன்றுதான்.