மலையக்கா உட்கார்ந்த நாற்காலி

மலையக்கா என்று பெயர் வைத்தது நாங்கள்தான். ஆளின் பருமன் அப்படி. மருத்துவமனையில் கழிப்பறை கழுவுவதும் தரை துடைப்பதும் அவள் வேலை. நான் அங்கே வார்டு ஆயா. நோயாளிகளைக் குளிப்பாட்டுவேன், புரட்டிப் படுக்க வைப்பேன், தூக்கி உட்கார வைப்பேன்.

உணவுக்கூடத்தில் டாக்டர்கள், நர்சுகள், ஆயாக்கள் எல்லோருக்கும் நாற்காலி உண்டு. துப்புரவுப் பெண்களுக்கு மட்டும் பின்பக்க ஜன்னல். வெயிலோ மழையோ, குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே டீ குடிக்க வேண்டும். அவர்கள் உட்கார்ந்தால் நாற்காலி அழுக்காகிவிடுமாம். அந்த நாற்காலிகளைத் தினமும் துடைத்தவளே மலையக்காதான்.

மனு கொடுத்துப் பார்த்தார்கள். பதில் வரவில்லை.

"சரி, போய் உக்காந்துடுவோம்" என்றாள் மலையக்கா.

சலவை அறையில் ஒத்திகை நடந்தது. கத்தக் கூடாது, கை ஓங்கக் கூடாது, பிடித்து இழுத்தால் உடம்பைத் தளர்த்திவிட வேண்டும். பாடம் இவ்வளவுதான். மேலாளர் வேஷம் மலையக்காவின் வீட்டுக்காரருக்கு. தையல்காரர், ஒல்லிக்குச்சி, வீட்டில் வாயே திறக்காதவர். அன்று அவர் திட்டிய திட்டில் அழுக்கு மூட்டைகளே நடுங்கியிருக்கும்.

"யோவ், போதும்யா! கல்யாணம் ஆனதுலேர்ந்து சேத்து வச்சிருந்தியா?"

"நீதானே யாரும் பதில் பேசக் கூடாதுன்ன? வா, இன்னொரு தடவை பாத்துக்கலாம்."

மறுநாள் காலை டீ நேரத்தில் மலையக்கா உள்ளே போய் கதவோர நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளை வெளியேற்றினால் அடுத்து உட்கார மற்றவர்கள் வாசலில் காத்திருந்தார்கள். மேலாளர் ஓடி வந்தார்.

"எந்திரி! இல்லன்னா இன்னையோட வேலை காலி."

"ஒரு டீ குடிச்சுட்டு எந்திரிக்கிறேன் சார்."

இரண்டு காவலாளிகள் வந்து இழுத்தார்கள். அவள் தளர்ந்துகொண்டாள். தளர்ந்த உடம்பு எப்படிக் கனக்கும் என்று எங்களைப் போல் தூக்கிப் பழகியவர்களுக்குத்தான் தெரியும். ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"பாத்து தம்பி, இடுப்பை வளைக்காத. முட்டியை மடக்கித் தூக்கு" என்றாள் மலையக்கா.

"தூக்கத் தெரிஞ்சவங்களைக் கூப்பிடு!" என்று மேலாளர் கத்தினார். நாங்கள் நான்கு ஆயாக்கள், ஆளைத் தூக்கும் கனத்த விரிப்போடு வந்தோம். பின்னாலேயே தலைமை நர்சும் வந்தார்.

எங்கள் பயிற்சியில் ஒரு விதி உண்டு. நினைவோடு இருப்பவரைக் கேட்காமல் தொடக் கூடாது. வேண்டாம் என்றால் கை வைக்கக் கூடாது. நான் குனிந்து கேட்டேன்.

"அக்கா, உங்களைத் தூக்கலாமா?"

"வேண்டாம்மா. சௌகரியமாத்தான் இருக்கேன்."

விரிப்பை மடித்தோம்.

"என்ன மடிக்கிறீங்க? தூக்குங்க!"

"வேண்டாங்கறாங்களே சார்."

மேலாளர் தலைமை நர்சைப் பார்த்தார். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நான் சொல்லிக் குடுத்ததுதான் சார்" என்றார்.

மேலாளருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் எழுந்திருக்கும்வரை உள்ளே யாருக்கும் டீ கிடையாது, எல்லோரும் ஜன்னலில் வாங்கிக்கொள்ளட்டும் என்று உத்தரவு போட்டார். சற்று நேரத்தில் மழை பிடித்தது. டாக்டர்கள் குப்பைத் தொட்டியோரம் வரிசையில் நின்றார்கள். பெரிய டாக்டருக்கு டம்ளரில் டீ குறையவே இல்லை. அவர் குடிக்கக் குடிக்க மழை நிரப்பிக்கொண்டிருந்தது. நனைந்த கோட்டோடு நேராக மேலாளர் அறைக்குப் போனார். உள்ளே என்ன பேசினார்களோ தெரியாது. சாயங்காலத்துக்குள் ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். கூடம் எல்லோருக்கும் என்றாயிற்று. யாருக்கும் வேலை போகவில்லை.

மலையக்காவுக்கு முதல் டீயை நான்தான் கொண்டுபோய் வைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"உள்ளயும் இதே கழனித் தண்ணிதானா? நல்ல டீயா இருக்கும்னுல்ல நினைச்சேன்!"

இப்போது அவளுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. காலையில் நான் அவள் வீட்டுக்குப் போய்த்தான் கட்டிலிலிருந்து தூக்கி உட்கார வைக்கிறேன். கேட்டுவிட்டுத்தான். முதல் தடவை "வேண்டாம்" என்பாள். நான் விரிப்பை மடிக்கத் தொடங்குவேன். உடனே தையல் மெஷின் பக்கமிருந்து குரல் வரும்.

"எந்திரி! இல்லன்னா இன்னையோட வேலை காலி!"

"யோவ், ஒத்திகை எப்பவோ முடிஞ்சுபோச்சு" என்பாள் மலையக்கா. பிறகு என்னிடம், "தூக்குடி, டீ ஆறுது."