டைப்பிஸ்ட் அக்காவின் முதல் வழக்கு

சாட்சிக் கூண்டில் ஏறுகிறவர் யாராக இருந்தாலும், அவர் சொல்வது தாளில் ‘நான்’ என்றுதான் இறங்கும். ‘நான் காலை எட்டேகால் மணிக்குக் கடை திறந்தேன்’ என்று மளிகைக்காரருக்காக ஒரு வரி. ‘நான் அவரை முன்பின் பார்த்ததில்லை’ என்று லாரி ஓட்டுநருக்காக இன்னொன்று. நீதிமன்றத்தின் இரண்டாம் மாடியில், ஜன்னலோர மேசையில், இருபத்து மூன்று வருடம் நான்கு மாதமாக அந்தம்மாள் இப்படி ஊரார் வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

வேலையில் குறையொன்றும் இல்லை. ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது. சாட்சி பேசிக்கொண்டிருக்கும்போது வக்கீல் ஒருவர் எழுந்து “ஆட்சேபணை” என்பார். நீதிபதி தலையசைப்பார். இவர் தட்டிய வரியை நீக்க வேண்டும். ஏன் நீக்குகிறோம் என்று யாரும் சொல்வதில்லை. டைப்பிஸ்ட்டிடம் சொல்ல வேண்டிய அவசியமும் யாருக்கும் இல்லை.

நாற்பத்தாறாவது வயதில் சட்டக் கல்லூரியின் காலை வகுப்பில் போய்ச் சேர்ந்தார். ஆறரை முதல் ஒன்பது வரை வகுப்பு. பத்து மணிக்கு நீதிமன்ற வேலை.

முதல் வருடம் ஒப்பந்தச் சட்டம். பேருந்துச் சீட்டு வாங்குவதும் ஓர் ஒப்பந்தம்தான் என்று தெரிந்த அன்று, கையிலிருந்த சீட்டைக் கசக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தார். பிறகு குற்றவியல், குடும்பச் சட்டம், சொத்துரிமை, அரசியலமைப்பு. தீங்கியல் பாடம் நடந்த ஆறு மாதமும் கணவர் மாடியில் பூந்தொட்டி வைக்கவே பயந்தார். அது கீழே போகிறவர் தலையில் விழுந்தால் யார் பொறுப்பு என்று அவருக்குத் தினமும் வகுப்பு நடந்தது. இரண்டாம் வருடம் சாட்சியச் சட்டம் வந்தது. தான் நேரில் பார்க்காததை, பிறர் சொல்லக் கேட்டதாகச் சாட்சி சொன்னால் அது பொதுவாகச் செல்லாது என்று விரிவுரையாளர் விளக்கியபோது, இவர் தனியாகச் சிரித்துவிட்டார். பழைய வரிகள் பல கண்முன் வந்து போயின.

“என்னக்கா சிரிக்கிறீங்க?” என்றான் பக்கத்து இருக்கைக்காரன். கேன்டீனில் தேநீர் ஆறியிருந்தால்கூட எழுந்து நின்று ஆட்சேபிக்கிறவன் என்பதால் வகுப்பில் அவன் பெயரே ‘ஆட்சேபணை’.

“பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வரியை ஏன் நீக்கச் சொன்னாங்கன்னு இப்பத்தான் புரிஞ்சுது.”

எழுத்துத் தேர்வுகள் எல்லாம் தேறிவிட்டன. மாட்டிக்கொண்டது கடைசித் தாளில். அது மாதிரி நீதிமன்றம். கற்பனை வழக்கு ஒன்றைக் கொடுத்து, மாணவர்களை இரு தரப்பாகப் பிரித்து வாதாடச் சொல்வார்கள். இவருக்கு வந்தது ஒரு மதில் சுவர் வழக்கு. இவருடைய கட்சிக்காரர் தன் மனையில் சுவர் எழுப்பியிருந்தார். அது பக்கத்து வீட்டு ஜன்னலை மறைத்தது. பக்கத்து வீட்டுக்காரருக்காக நின்றவன் ஆட்சேபணை.

இவர் எழுந்தார், கணீரென்று தொடங்கினார். “நான் என் மனையில்தான் சுவர் கட்டினேன். நான் கட்டும்போது பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நான்…”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நீதிபதியாக அமர்ந்திருந்த விரிவுரையாளர் பேனாவைக் கீழே வைத்தார்.

“அம்மா, சுவர் கட்டினது நீங்களா? நீங்க வக்கீல். வாக்குமூலம் குடுக்கிற கூண்டு அந்தப் பக்கம் இருக்கு.”

அதன்பின் தொடங்கிய வாக்கியம் ஒவ்வொன்றும் ‘நான்’ என்றே வர, பாதியில் உட்கார்ந்துவிட்டார். முப்பத்தெட்டு மதிப்பெண், தேற ஐம்பது வேண்டும். ஆறு வாரத்தில் மறுதேர்வு. காலை வகுப்பை அந்த வருடத்தோடு மூடுகிறார்கள். இதில் தவறினால் பகல் வகுப்பில்தான் படிக்க வேண்டும். பகலில் வேலை இருக்கிறது. அத்தோடு பட்டம் போச்சு.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வந்ததும் கைகழுவிவிட்டுச் சாப்பாட்டு மேசையின் தலைப்பக்கத்தில் நீதிபதியாக உட்கார்ந்தார். மனைவி வாயில் ‘நான்’ வரும்போதெல்லாம் டம்ளரில் கரண்டியால் ஒரு தட்டு. முதல் நாள் இருபத்தேழு தட்டு. இரண்டாவது வாரம் நான்கு. ஆனால் ‘நான்’ குறையக் குறையப் பேச்சும் குறைந்தது.

“என்ன வக்கீலம்மா, மாடிக்கு நடுவுல லிஃப்ட் நின்ன மாதிரி நிக்கிறே?”

“யாராவது சொன்னா எழுதுவேங்க. நானா எதைச் சொல்றது?”

“சரி, அந்தச் சுவரு இருக்கலாமா, கூடாதா? அதைச் சொல்லு.”

“அதை நீதிபதி சொல்வார்.”

“நாந்தானே நீதிபதி! எனக்குத் தெரியல. அதான் உன்னைக் கேக்குறேன்.”

அவர் கேலி செய்யவில்லை. கரண்டியை வைத்துவிட்டு நிஜமாகவே காத்திருந்தார். அந்தம்மாள் வழக்குத் தாளோடு இருந்த வரைபடத்தை எடுத்துப் பிரித்து, “ஜன்னலைப் பாக்கணும்” என்றார்.

மறுதேர்வுக்கு வெளியிலிருந்து ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் வந்திருந்தார். “என் கட்சிக்காரர்” என்று இவர் தடுமாறாமல் தொடங்கி, மனையின் அளவு, கட்டிய தேதி, அனுமதி எண் எல்லாவற்றையும் தாளைப் பார்க்காமல் சொன்னார். பெரியவர் கேட்டார்:

“எல்லாம் சரி. அந்த ஜன்னலுக்குப் பின்னால் ஒரு நோயாளி அம்மா படுத்திருக்கிறார். அவருக்கு வெளிச்சம் இல்லை. என்ன சொல்கிறீர்கள்?”

அது வழக்குத் தாளில் நான்காம் பக்கத்தில் ஒரே வரியாக இருந்தது. இவருடைய விரல்கள் மேசை விளிம்பில் விசைகளைத் தேடின. எழுத ஒன்றும் இல்லை. எல்லோரும் இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சுவர் நிற்க வேண்டும், ஐயா. ஆனால் பத்து அடி உயரம் வேண்டியதில்லை. மூன்று அடி குறைத்தால் அந்த அம்மாவுக்குக் காலை வெயில் கிடைக்கும். எங்கள் மறைப்பும் கெடாது. வரைபடத்தில் அளந்து பார்த்துவிட்டேன்.”

“ஆட்சேபணை!” என்று குதித்தான், மறுதேர்விலும் எதிர்த்தரப்பில் நின்ற அதே பக்கத்து இருக்கைக்காரன். “கட்சிக்காரரைக் கேட்காமல் அவர் சுவரை விட்டுக்கொடுக்கிறார்!” பிறகு தன் பக்கத்துக்கே கிடைக்கிற லாபத்தை ஆட்சேபித்தது உறைக்கவே, மெல்ல உட்கார்ந்தான்.

பெரியவர் சிரிக்காமலிருக்க மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

வாசலில் கணவர் ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். ஒரு மணி நேரம் விடுப்பு. அதில் நாற்பது நிமிடம் தீர்ந்திருந்தது.

“என்னாச்சு?”

“கேஸ் தோத்துட்டேன். கட்சிக்காரரைக் கேக்காம விட்டுக்குடுக்கக் கூடாதுன்னு நல்லா வாங்கினேன்.”

அவர் முகம் தொங்கிப்போனது. “விடும்மா, பரவாயில்ல…”

“அம்பத்தேழு மார்க். பாஸ்.”

“தோத்தா எப்படிப் பாஸு?”

“மார்க்கு தீர்ப்புக்கு இல்லீங்க, வாதாடினதுக்கு.”

ஹெல்மெட்டை மனைவியிடம் நீட்டியவர், கொடுக்காமல் நிறுத்தினார்.

“அப்போ அந்தச் சுவரு?”

“மூணு அடி இடிக்கணும்னு தீர்ப்பு.”

“இடிக்கட்டும்” என்றார் கணவர். “அந்தம்மா எத்தனை நாளா இருட்டுல படுத்திருக்காங்களோ.”