கடலுக்கு மதகு

பெட்டியின் அடியிலிருந்து எடுத்த புகைப்படத்தில் அந்துருண்டை வாசனை அடித்தது. அறுபதுகளில் ஒரு தொண்டு நிறுவனத்தார் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகளான எங்களைத் திண்டிவனத்திலிருந்து லாரியில் மரக்காணம் கடற்கரைக்குக் கோடை முகாமுக்கு அழைத்துப் போனபோது எடுத்தது. அந்தச் சவுக்குத் தோப்பும் கீற்றுக் கொட்டகையும் இன்று இல்லை.

காணை ஏரியை மட்டுமே பார்த்திருந்த நான், கூச்சத்தை விட்டுச் சமையல்கார அண்ணனிடம் கேட்டேன்.

"இதுக்கு மதகு எங்க கீதுண்ணா?"

"ஏன், தொறந்து வுட்டு மல்லாட்டைக் கொல்லைக்குத் தண்ணி பாய்ச்சப் போறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். கேமராக்காரர் அந்த நேரம் பார்த்து அமுக்கிவிட்டார். இந்தப் படத்தை இத்தனை வருடம் எடுத்துப் பார்க்காதது அதனால்தான்.

இன்று பார்த்தால், சிரிக்கும் முகங்களுக்கு நடுவே, விக்கிரவாண்டியிலிருந்து வந்திருந்த அஞ்சலை மட்டும் கழுத்தைத் திருப்பி, கரை நெடுக மதகைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.