செம்பரம்பாக்கத்தில் ஊற்றிய நாலு குடம்

ஜீப்பின் பின்னால் பற்றவைத்திருந்த இரும்புக் குண்டின் மேல் டிரெய்லரின் கொக்கி விழும்போது "டொக்" என்று ஒரு சத்தம் வரும். கிரீஸ் வாசனையோடு சேர்ந்து வரும் அந்தச் சத்தம் சரியாக விழுந்தால்தான் அப்பாவின் முகம் தெளியும், இல்லாவிட்டால் கழற்றி மறுபடி மாட்டுவார். பட்டாபிராமில் எங்கள் தெருக்காரர்களுக்கு அது தினப்படி வேடிக்கை.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் வெல்டர். மிலிட்டரி ஏலத்தில் வந்த குட்டை ஜீப் ஒன்றை யாரிடமிருந்தோ வாங்கிப் பழுது பார்த்து வைத்திருந்தார். எனக்குப் பத்து வயதான அந்த வருஷம், ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து அதற்கு ஒரு டிரெய்லரும் கட்டினார். இரண்டு சக்கரம், தகரக் கூரை, ஆள் நீட்டிப் படுக்க ஒரு கட்டில், ஸ்டவ் வைக்க ஒரு பலகை, பின்பக்கம் ஒரு கதவு, அவ்வளவுதான். தெருவில் அதற்கு "சக்கர ஊடு" என்று பெயர் வைத்தார்கள். டூர் போகக் கட்டுகிறார் என்று எல்லோரும் கேலி செய்ய, அப்பா மறுத்துப் பேசவில்லை.

உண்மையில் அது அம்மாவின் முதுகுக்காகக் கட்டியது. டிஸ்க் விலகியதில் அரை மணி நேரத்துக்கு மேல் அம்மாவால் உட்கார முடியாது, உடனே படுத்தாக வேண்டும். ஆற்காட்டில் இருந்த சித்தியின் கணவர் திடீரென்று இறந்தபோது, அம்மா பஸ் ஏறிப் பூந்தமல்லி வரைகூடப் போக முடியாமல் வலியில் அழுதுகொண்டே திரும்பிவிட்டாள். கூடப் பிறந்தவளின் துக்கத்துக்குப் போகவில்லை என்ற பேச்சு பத்து மாதமாக அவளை அரித்துக்கொண்டிருந்தது. போனில் சித்தி "நீ வருவன்னு வாசலயே பாத்துனு இருந்தேன்க்கா" என்றாளாம். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அப்பாவின் திட்டம் எளிது. அம்மா ஜீப்பின் முன்சீட்டில் உட்கார வேண்டியது, அரை மணிக்கு ஒருமுறை வண்டியை ஓரங்கட்டி டிரெய்லரில் படுத்துக்கொள்ள வேண்டியது. ஓடும்போதும் படுத்தபடியே வந்துவிடுகிறேனே என்று அம்மா கெஞ்சியதற்கு மட்டும் அவர் இறங்கிவரவே இல்லை. "ஓடசொல்ல அதுல யாரும் ஏறக்கூடாது" என்பதைத் தெருப்பிள்ளைகள் நாங்கள்கூட மனப்பாடமாகச் சொல்வோம். ஜீப்பின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி குறைவு, அதனால் பின்னால் வருவது ஆடினால் ஜீப்பையும் பிடித்து ஆட்டிவிடும் என்பது அவருடைய ஓயாத கவலை. பழைய இரும்புக் கடையிலிருந்து எடை மெஷினைத் தூக்கிவந்து டிரெய்லரின் கொக்கி இருக்கும் மூக்கை அதன்மேல் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். பின்பக்கம் பாரம் கூடினால் மூக்கு லேசாகி ஆட்டம் கண்டுவிடும் என்று, கடைசியில் டிரெய்லரின் தரையில் சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு போட்டார். அரிசி, ஸ்டவ், கருவிப்பெட்டி எல்லாம் கோட்டுக்கு முன்னால், தலையணையும் போர்வையும் மட்டும் கோட்டுக்குப் பின்னால்.

எல்லாவற்றையும் யோசித்த மனிதர் தண்ணீரை யோசிக்கவில்லை. அது மழை பொய்த்த வருஷம். தண்ணீர் லாரி வரும் நாளில் விடியும் முன்பே தெருமுனையில் குடங்களை வரிசையில் போட்டுவிட்டுக் காவல் காப்போம். அப்படிப்பட்ட காலத்தில் வெறும் கையோடு பயணம் கிளம்ப எங்கள் பக்கத்துப் பெண்கள் எவளுக்கும் மனசு வராது. கிளம்புகிற காலையில் அப்பா ஜீப்புக்குக் காற்றடிக்கப் போன நேரம் பார்த்து, அம்மா ஆறு பிளாஸ்டிக் குடங்களைப் பின்கதவு ஓரமாக வரிசையாக வைக்கச் சொன்னாள். அவளால் குனிய முடியாது. கதவைத் திறந்தால் நின்றபடியே மொண்டுகொள்ள அந்த இடம்தான் தோது. நான்தான் சின்னக் குண்டானில் மொண்டு மொண்டு குடங்களை நிரப்பி மூடியை இறுக்கினேன். சாக்பீஸ் கோடு என் காலடியிலேயே இருந்தது. "அப்பாகிட்ட சொல்லாத" என்று அம்மா சொன்னதும் சரியென்று தலையாட்டினேன்.

திரும்பிவந்த அப்பா டிரெய்லரின் மூக்கைத் தூக்கிக் குண்டின் மேல் வைத்தபோது ஆச்சரியப்பட்டார்.

"இன்னா இது, இன்னிக்கு லேசா கீதே."

தன் கைக்குப் பலம் கூடிவிட்டதாக நினைத்துக்கொண்டாரோ என்னவோ, "டொக்" சத்தம் விழுந்ததும் விசிலடித்தபடி சங்கிலியை மாட்டினார். நான் எதுவும் தெரியாததுபோல ஜீப்பில் ஏறிக்கொண்டேன்.

பூந்தமல்லி தாண்டும்வரை நெரிசலில் ஊர்ந்துதான் போனோம். அதற்குப் பிறகு ரோடு அகலமாகத் திறந்துகொள்ள, அப்பாவும் கொஞ்சம் வேகம் எடுத்தார். செம்பரம்பாக்கத்துக்கு அருகே ஒரு லாரி எங்களை உரசுவதுபோல முந்திக்கொண்டு போன காற்றில் பின்னால் ஏதோ இடித்தது. டிரெய்லர் வலப்பக்கம் ஒதுங்கியது, இடப்பக்கம் வந்தது, மறுபடி இன்னும் அதிகமாக வலப்பக்கம் போனது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எங்கள் ஜீப்பின் மூக்கு ரோட்டில் அங்கும் இங்கும் திரும்பியது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது. அப்பா பிரேக்கில் கால் வைக்கவில்லை. ஸ்டியரிங்கை நேராக இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரிலிருந்து மட்டும் காலை எடுத்தார். வேகம் தானாகக் குறையக் குறைய ஆட்டமும் குறைந்தது. வண்டி ஓரத்தில் போய் நின்றது.

இறங்கிச் சக்கரம், சங்கிலி, கொக்கி என்று வரிசையாகப் பார்த்துவிட்டுப் பின்கதவைத் திறந்த அப்பா, குடங்களைப் பார்த்து அப்படியே நின்றார். நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து, "நான்தான் வெக்கச் சொன்னேன், அவள ஒண்ணும் சொல்லாத" என்றாள். அப்பா கத்துவார் என்று நினைத்தேன்.

"லேசா கீதேன்னு நானே சொன்னேனே. அப்பவே கதவத் தொறந்து பாத்துருக்கணும்" என்றார்.

இரண்டு குடங்களுக்கு மட்டும் கோட்டுக்கு முன்னால் இடம் இருந்தது. மீதி நாலையும் கொட்டித்தான் ஆகவேண்டும். அந்த வருஷத்தில் நல்ல தண்ணீரைத் தரையில் கொட்டுவது எங்கள் தெருவில் யாரும் கேள்விப்படாத காரியம். அம்மா கதவை மறித்துக்கொண்டு நின்றாள். அப்பா அதட்டவில்லை.

"தண்ணிதான் வோணும்னா ஊட்டுக்குத் திரும்பிடலாம். தங்கச்சியப் பாக்கணும்னா ஊத்தித்தான் ஆவணும்."

அம்மா நகர்ந்தாள். ரோட்டில் கொட்ட மட்டும் கூடாது என்றாள். சற்றுத் தள்ளி ஏரி, சென்னைக்கே தண்ணீர் தருகிற ஏரி, அந்தக் கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நானும் அப்பாவும் ஒவ்வொரு குடமாகத் தூக்கிப்போய் அதற்குள் சாய்த்தோம். வெடிப்புக்குள் தண்ணீர் போன இடம் தெரியவில்லை. கடைசிக் குடத்தை அம்மாவும் கூடவே பிடித்துக்கொண்டாள். ஊற்றும்போது அவள் அழுதது தண்ணீருக்காக இல்லையென்று அந்த வயதிலும் எனக்குப் புரிந்தது.

மூன்று இடத்தில் நிறுத்திப் படுத்து எழுந்து, மதியத்துக்குள் ஆற்காடு சேர்ந்தோம். சித்தி வாசலுக்கு வந்து அம்மாவைத் தாங்கிப் பிடித்தாள். அம்மாவால் தரையில் உட்கார முடியாது என்பதால் அக்காவும் தங்கையும் டிரெய்லர் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, வாசலிலேயே சாயங்காலம்வரை அழுது தீர்த்தார்கள். அப்பா சக்கரங்களுக்குக் கல் முட்டுக்கொடுத்துவிட்டு வெளியிலேயே நின்றிருந்தார்.

அதற்குப் பிறகு பல வருஷம், பேப்பரில் ஏரிகளின் நீர்மட்டம் வரும்போதெல்லாம் அப்பா உரக்கப் படித்து, "இதுல நாலு கொடம் உங்கம்மாளுது" என்பார். அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். ஒருமுறைகூடச் சிரித்ததில்லை.

ஜீப்பை விற்றாயிற்று. சக்கர ஊடு துருப்பிடித்து, எடை மெஷின் கொடுத்த அதே இரும்புக் கடைக்கே போனது. நாங்கள் நின்ற இடம் எதுவென்று கண்டுபிடிக்க முடியாதபடி அங்கே குடோன்களும் பிளாட்டுகளும் வந்துவிட்டன. அப்பா இறந்து நாலு வருஷம் ஆகிறது. போன மாதம் சித்தியைப் பார்க்க அம்மாவை என் காரில், சீட்டைச் சாய்த்துப் படுக்கவைத்துக் கூட்டிப்போனேன். நல்ல மழைக்குப் பிறகு ஏரி நிறைந்திருக்கிறது என்று சொல்லி ஓரமாக நிறுத்தினேன். அம்மா மெல்ல எழுந்து உட்கார்ந்து கண்ணாடியை இறக்கச் சொன்னாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்தில் யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்:

"அதுல நாலு கொடம் நம்மளுது."