அவள் தலைக்கு நான் வாங்கிய ஹெல்மெட்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. மணி ஒன்பது ஆகவில்லை. ஸ்ரீரங்கத்துக்கும் திருச்சிக்கும் நடுவில் உள்ள காவிரிப் பாலத்தில் நடந்தது இது. நடந்து முடிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அதற்கான காரணத்தை நான் ஐந்து மாதம் முன்பே கடையில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன்.

நாங்கள் அம்மா மண்டபம் பக்கம் குடியிருக்கிறோம். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். என் மனைவி புத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். நான் கண்டோன்மென்ட்டில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட். அவர் நடத்துவது பெரும்பாலும் சாலை விபத்து வழக்குகள். ‘தலையில் பலத்த காயம் ஏற்பட்டு’ என்று தினமும் அடிப்பேன். வருடக்கணக்காக அடித்ததில் விரல் தானாக ஓடும், மனசு வேறெங்கோ இருக்கும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், விஷயம் தெரியாத ஆள் என்று என்னை நினைத்துவிடக் கூடாது. எனக்கு எல்லாம் தெரியும்.

பின்னால் உட்காருபவரும் ஹெல்மெட் போட வேண்டும் என்று மாம்பழச்சாலையில் போலீஸ்காரர் ஒருநாள் நிறுத்திச் சொல்லி அனுப்பினார். அன்று சாயங்காலமே ஆபீசிலிருந்து வரும் வழியில் ஒரு கடையில் வண்டியை நிறுத்தினேன். மனைவி என்னுடன் வரவில்லை. என் தலையில் மாட்டிப் பார்த்தேன். எனக்குக் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. அப்படியானால் அவளுக்குச் சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். வண்டி நிறத்துக்குப் பொருத்தமாகக் கருநீலத்தில் எடுத்தேன். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

மறுநாள் காலை பாலம் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து சொன்னாள்.

“ஏங்க, இது ஆடுதுங்க.”

“ஸ்டிராப்பை நல்லா இழுத்துக் கட்டிக்கோ,” என்றேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடியும் சொன்னாள். தலையை இந்தப் பக்கம் திருப்பினால் ஹெல்மெட் அந்தப் பக்கமே நிற்கிறதாம். “ஹெல்மெட்டுன்னா அப்படித்தான் இருக்கும். போகப் போகப் பழகிடும்,” என்று சொன்னதாக ஞாபகம். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பழகிவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

உண்மையில் அவள் என்ன செய்தாள் என்றால், ஒரு கைக்குட்டையை மடித்து உச்சந்தலைக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். பாலத்தில் காற்று அடிக்கும்போது ஒரு கையால் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொள்வாள். மற்ற கை மட்டும்தான் என் தோளில் இருக்கும். வண்டிக் கண்ணாடியில் இதைத் தினமும் பார்த்தேன். பார்த்ததன் அர்த்தம் என் மண்டையில் ஏறவில்லை.

அந்தத் திங்கட்கிழமை காவிரியில் தண்ணீர் நிறைய வந்திருந்தது. ஆடியில் தண்ணீர் வந்தால் பாலத்தில் ஆங்காங்கே வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்ப்பார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவர் தண்ணீரைப் பார்த்ததும் சட்டென்று ஓரம் கட்டி நிறுத்தினார். நான் பிரேக் போட்டேன். வேகம் அதிகம் இல்லை, முப்பதுக்குள்தான் இருக்கும். ஆனால் அந்த நொடியில் காற்று ஹெல்மெட்டைத் தள்ளி அவள் கண்ணை மறைத்திருக்கிறது. சரி செய்வதற்காக இரண்டு கையையும் தூக்கியிருக்கிறாள். பிடிமானம் இல்லாமல் பக்கவாட்டில் விழுந்தாள். நடைபாதையின் ஓரக் கல்லில் தலை மோதியது.

வண்டியும் சரிந்ததில் எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. திரும்பிப் பார்த்தபோது அவள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ஸ்டிராப் கழுத்தில் மாட்டியபடியே இருந்தது. ஹெல்மெட் தலையில் இல்லை. பின்பக்கமாகச் சரிந்து பிடரியில் பை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. வலது காதுக்கு மேலே ரத்தம். கைக்குட்டை கொஞ்ச தூரம் தள்ளிக் கிடந்தது.

தண்ணீர் பார்க்க நின்றவர்களில் நடுத்தர வயது அம்மா ஒருவர் ஓடி வந்து அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். “தண்ணி குடுக்காதீங்க, ஆட்டோவைப் புடிங்க,” என்று சத்தம் போட்டார். ஆட்டோவிலும் கூடவே ஏறினார். புத்தூர் ஆஸ்பத்திரி வரை முந்தானையால் காயத்தை அழுத்திப் பிடித்தபடி வந்தார். ஸ்ட்ரெச்சரில் ஏற்றிய பிறகு நான் திரும்பிப் பார்த்தபோது அவர் போயிருந்தார். அவருடைய புடவை முழுக்க ரத்தமாகியிருக்கும். இன்றுவரை அவர் யாரென்று தெரியாது.

ஸ்கேனில் மூளையின் ஓரத்தில் சின்னதாக ரத்தக் கசிவு தெரிந்தது. ஆபரேஷன் வேண்டாம், ஆனால் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக் கவனிக்க வேண்டும் என்றார்கள். மத்தியானம் அவளுக்கு நினைவு வந்தது. என்னை அடையாளம் தெரிந்தது. ஆனால் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“டெஸ்ட் பேப்பர் கட்டை எங்க வச்சீங்க?”

பையில் பத்திரமாக இருக்கிறது என்பேன். சரி என்று கண்ணை மூடுவாள். இரண்டு நிமிடம் கழித்துப் புதிதாகக் கேட்பது போலக் கேட்பாள். சாயங்காலம் வரை அதே கேள்வி, அதே பதில். ஒரு தடவைகூடக் குரலில் எரிச்சல் வராமல் பார்த்துக்கொண்டேன். அதைத் தவிர நான் செய்ய அங்கே வேறு வேலை எதுவும் இல்லை.

டியூட்டி டாக்டர் ஒரு இளம்பெண். விவரம் எழுதிக்கொள்ள வந்தார்.

“ஹெல்மெட் போட்டிருந்தாங்களா?”

“போட்டிருந்தாங்க டாக்டர்.”

“போட்டிருந்தா காதுக்கு மேல எப்படி நேரடியா அடிபட்டுச்சு?”

ஹெல்மெட் என் நாற்காலிக்குக் கீழே இருந்தது. எடுத்துக் காட்டினேன். அதில் ஒரு கீறல் இல்லை. டாக்டர் அதைக் கையில் வாங்கி உள்ளே பார்த்தார், பிறகு கட்டிலில் இருந்த என் மனைவியின் தலையைப் பார்த்தார்.

“இது உங்களோடதா?”

“இல்லைங்க. அவங்களோடதுதான்.”

டாக்டர் ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்தார். ‘ஹெல்மெட் அணிந்திருந்தார்’ என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அவர் திட்டியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். தையல் பிரித்தார்கள். தலைசுற்றல் மெல்ல மெல்லக் குறைந்தது. இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்துகொண்டிருந்தது. கூடத்தில் இருந்த எனக்கு நாற்றம் மூக்கைத் துளைத்தது. ஓடிப் போய்ப் பார்த்தால், அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“பால் தீயிது, தெரியலையா?”

அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். அடுப்பை அணைத்துவிட்டுச் சொன்னாள்.

“எனக்கு வாசனையே வரலைங்க. ஆஸ்பத்திரியில இருந்து வந்ததிலேருந்தே.”

“ஏன் சொல்லலை?”

“சொல்லி என்ன ஆகப் போகுது?”

கோபமாகச் சொல்லவில்லை. மணி எத்தனை என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள். தலையில் அடிபட்டால் சிலருக்கு இப்படி ஆகும், திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னார்.

வேலைக்குத் திரும்பியபோது பஸ்ஸில் போய் வந்தாள். பஸ் கூட்டமும் ஹாரன் சத்தமும் அவளுக்குத் தலைவலியைக் கொண்டுவந்தன. இரண்டு மாதம் தாக்குப்பிடித்தாள். ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது, “நாளைக்கு ஒரு ஹெல்மெட் வாங்கணும். நானே வரேன்,” என்றாள்.

பாலக்கரைப் பக்கம் ஒரு கடை நன்றாக இருப்பதாக அவள் பள்ளியில் யாரோ சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை காலை போனோம். கடையை நடத்துவது ஒரு முஸ்லிம் பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். கணவர் குவைத்தில் வேலை பார்க்கிறார். கறுப்பு பர்தாவுக்கு மேல் கழுத்தில் தையற்காரர்கள் போடுவது போல ஒரு டேப் தொங்கியது.

“யாருக்குங்க?” என்று கேட்டார்.

“இவங்களுக்குத்தான். மீடியம் சைஸ் போதும்னு நினைக்கிறேன். முன்னாடி பெருசு எடுத்துட்டோம்,” என்றேன்.

அவர் என் மனைவியை ஸ்டூலில் உட்காரவைத்து, புருவத்துக்கு மேலே டேப்பைச் சுற்றி அளந்தார். கொண்டையைப் பார்த்தார். “அக்கா, தினமும் இப்படித்தான் மேல தூக்கிப் போடுவீங்களா?” என்று கேட்டார்.

“ஸ்கூலுக்குப் போறப்போ கொண்டைதான் போடுவாங்க,” என்றேன்.

“பின்னலைக் கீழே தாழ்த்திப் போட்டாத்தான் ஹெல்மெட் சரியா உக்காரும். அக்கா, தலைவலி ஏதாச்சும் உண்டா?”

“ஒரு ஆக்சிடென்ட் ஆச்சு. இப்போ பரவாயில்லை,” என்று அதற்கும் நானே சொன்னேன்.

அவர் டேப்பைச் சுருட்டினார்.

“சார், தப்பா நினைக்காதீங்க. போட்டுக்கப் போறது நீங்களா, அக்காவா? கொஞ்சம் அப்படி உக்காருங்க. அவங்க சொல்லட்டும்.”

வாசல் ஓரம் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். முகம் சூடாகிவிட்டது. இவ்வளவு நாள் வியாபாரத்தில் இந்த அம்மாவுக்குப் பேசத் தெரியவில்லையே என்று நினைத்ததும் உண்மை.

முதல் ஹெல்மெட்டைத் தலைக்கு மேல் கொண்டுவந்ததும் என் மனைவி கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள். கடைக்காரப் பெண் உடனே அதை எடுத்துவிட்டு அவள் மடியில் வைத்தார். “அவசரமே இல்லைக்கா. முதல்ல கையில வச்சிருங்க. அப்புறம் நீங்களே மாட்டுங்க,” என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே மாட்டினாள். நெற்றியில் அழுத்துகிறது என்றாள். அடுத்தது தையல் போட்ட இடத்தில் உறுத்தியது. மூன்றாவது நன்றாக இருப்பதாகச் சொன்னாள். கடைக்காரப் பெண் ஸ்டிராப்பைப் பூட்டிவிட்டு, பின்பக்கம் கை வைத்து மேல்நோக்கித் தள்ளினார். அது முன்னால் கவிழ்ந்து கழன்று வந்தது. “பார்த்தீங்களா? சும்மா இருக்கிறப்போ சுகமாத்தான் இருக்கும். விழுந்தா தலையில நிக்காது,” என்றார். கன்னம் லேசாக உள்ளே அமுங்க வேண்டும், ஹெல்மெட்டைப் பிடித்துத் திருப்பினால் நெற்றித் தோலும் கூடவே நகர வேண்டும், ஆனால் எந்த ஓர் இடத்திலும் தனியாகக் குத்தக் கூடாது என்று சொல்லிக்கொண்டே அடுத்ததை எடுத்தார்.

ஒரே அளவு போட்ட இரண்டு ஹெல்மெட்டில் ஒன்று பொருந்தியது, இன்னொன்று பொருந்தவில்லை. சிலருக்குத் தலை உருண்டை, சிலருக்கு நீளவாட்டம் என்றார். ஆறாவது ஹெல்மெட்டைப் போட்டபடியே கால் மணி நேரம் உட்காரச் சொன்னார். அந்த நேரத்தில்தான் என் மனைவி அவரிடம் பேச ஆரம்பித்தாள்.

“பழைய ஹெல்மெட் முதல் நாளே ஆடுச்சு. ரெண்டு தடவை சொன்னேன். அப்புறம் விட்டுட்டேன். கர்ச்சீப்பை மடிச்சு வச்சுக்குவேன். பாலத்துல போறப்போ தினமும் பயந்துக்கிட்டேதான் போவேன்.”

“திரும்பச் சொல்லிப் பார்க்கிறதுதானேக்கா?”

“எத்தனை தடவைதான் சொல்றது?”

நான் நான்கடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கேட்கட்டும் என்று சொன்னதாகத் தெரியவில்லை, கேட்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. கேட்ட ஒருவருக்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். தினமும் பயந்தாள் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். ஐந்து மாதம் என் முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்து பயந்திருக்கிறாள்.

கால் மணி நேரம் ஆனதும் கழற்றச் சொல்லி நெற்றியைப் பார்த்தார். சிவப்பாக எந்தத் தடமும் இல்லை. “மாஷா அல்லாஹ், இதுதான் உங்களோடதுக்கா,” என்றார். அது மஞ்சள் நிறம். நானாக இருந்தால் எடுத்திருக்க மாட்டேன். “இது எனக்குப் பிடிச்சிருக்கு,” என்றாள் என் மனைவி.

கிளம்பும்போது கடைக்காரப் பெண் என்னிடம், “சார், உங்களோடதையும் ஒரு தடவை மாட்டுங்க,” என்றார். மாட்டி ஸ்டிராப்பைப் பூட்டினேன். பின்னால் கை வைத்துத் தள்ளினார். என் ஹெல்மெட் மூக்கில் இடித்துக்கொண்டு கழன்று அவர் கைக்குப் போனது. நான்கு வருடமாக அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். விபத்துக்குப் பிறகு என் மனைவி வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தது அப்போதுதான். அடுத்த முக்கால் மணி நேரம் நான் ஸ்டூலில் உட்கார்ந்து, எங்கே அழுத்துகிறது என்று கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். வாசல் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள், ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல்.

இப்போது அவளுக்கு வாசனை பாதிதான் திரும்பியிருக்கிறது. மல்லிகை தெரிகிறது, காபி தெரியவில்லை. பைக்கில்தான் போகிறோம். பாலத்தில் காற்று அடிக்கும்போது அவளுடைய இரண்டு கையும் என் தோளில் இருக்கின்றன. துணிக்கடையிலோ டாக்டரிடமோ யாராவது அவளைக் கேள்வி கேட்டால், பதில் என் நாக்கு நுனி வரை வந்துவிடும். நிறுத்திக்கொள்கிறேன். சில சமயம் நிறுத்த முடியாமல் சொல்லியும்விடுகிறேன். கல்யாணமாகிப் பதினாறு வருடம் அவள் தலைக்குள் இருப்பதெல்லாம் எனக்குத் தெரியும் என்று இருந்தேன். எங்கே வலிக்கிறது என்பதை அவள் வாயால் சொல்லக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும் என்பது, முன்பின் தெரியாத ஒருவர் என்னை நாற்காலியில் தள்ளி உட்காரவைத்த பிறகுதான் புரிந்தது.