அக்கா வராத இடங்கள்

செக் நாட்டுக்கு விடுமுறை போகிறோம் என்று சொன்னபோது, மொன்றியலில் எங்கள் செயின்ட்-மிஷேல் பகுதிக் கோயிலில் பூசை முடிந்து நின்ற சனத்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை. "அங்க ஆர் இருக்கினம்?" என்றுதான் கேட்டார்கள். சொந்தக்காரர் இல்லாத நாட்டுக்கு எங்கள் சனம் டிக்கெட் எடுப்பதில்லை. ஜெர்மனியில் இருக்கும் அக்காவைப் பார்க்கத்தான் போகிறேன், அவர்களுடைய பிளாட்டில் இரண்டு குடும்பம் படுக்க இடமில்லை, அதனால் அத்தான் எல்லைக்கு அப்பால் மேட்டுநிலத்தில் ஒரு மரவீட்டை ஒரு கிழமைக்கு எடுத்திருக்கிறார் என்று விளக்கம் சொல்லியே அலுத்துப்போனேன்.

எனக்கு வேண்டியது விடுமுறை அல்ல. முந்தைய குளிர்காலத்தில் அக்காவுக்கு மார்பில் கட்டி என்று ஒப்பரேஷன் செய்தார்கள். என்னால் போக முடியவில்லை. டெலிபோனில் எப்போது கேட்டாலும் "ஓம், நல்லா இருக்கிறன்" என்பாள். அவளுடைய அந்த "நல்லா இருக்கிறன்" எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். பக்கத்தில் இருந்து, முகத்தைப் பார்த்து, உண்மையைக் கேட்டுவிட வேண்டும். அதற்குத்தான் மொன்றியலிலிருந்து அவ்வளவு தூரம் போனேன்.

ஆள் மெலிந்திருந்தாள். நீளமாக இருந்த தலைமுடி கழுத்தோடு நின்றது. "இப்ப இதுதான் ஸ்டைல்" என்றாள். மேலே எதுவும் கேட்பதற்குள் அத்தான் வரைபடத்தை மேசையில் விரித்துவிட்டார். எந்த நாள் எந்த இடம் என்று எல்லாம் தீர்மானித்து வைத்திருந்தார் மனுசன்.

முதலில் ஒரு கோட்டை. அங்கே சப்பாத்துக்கு மேல் பெரிய கம்பளிச் செருப்பை மாட்டிக்கொண்டு, தரை தேயாமல் வழுக்கி வழுக்கி நடக்க வேண்டும். வழிகாட்டிப் பெண் செக் மொழியில் பேசிக்கொண்டே போனாள். என் கணவர் எல்லாம் விளங்கியவர் போலத் தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா வரவில்லை. "நீங்கள் போட்டு வாங்கோ, நான் சமைச்சு வைக்கிறன்" என்று சொல்லிவிட்டாள். நானும் நிற்கிறேன் என்றேன். "உனக்கென்ன விசரே? கனடாவில இருந்து குசினி பாக்கவோ வந்தனீ?" என்று அவள் துரத்த, "வெளிக்கிடுங்கோ மச்சாள்" என்று அத்தான் வான் வண்டியின் கதவைத் திறந்து பிடித்தார்.

அடுத்து காட்டுக்குள் ஒரு குளம். தண்ணீர் தேத்தண்ணி நிறம், கால் வைத்தால் எலும்பு வரை குளிரும். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் கத்திக்கொண்டு குதித்தார்கள். பிறகு இரும்பு ஏணி வைத்த ஒரு பாறை. மூச்சு வாங்க ஏறிப் பார்த்தால் கீழே காடும் மஞ்சள் வயலும் சிவப்புக் கூரைகளும். "எங்கட மொன்றியலுக்குப் பக்கத்து லோரன்ஷியன் மலை மாதிரித்தான் கிடக்கு. இதுக்கோ பிளேன் ஏறி வந்தனாங்கள்?" என்றார் கணவர். அந்த ஒரு விஷயத்தில் அவரோடு நான் ஒத்துப்போனேன்.

என்னால் தாங்க முடியாமல் போனது கோயிலுக்குப் போன அன்றுதான். குன்றின்மேல் நட்சத்திர வடிவில் கட்டிய பழைய யாத்திரைக் கோயில். செபமாலை சொல்லாமல் படுக்காத அக்கா, அதற்கும் வரவில்லை. "எனக்கும் சேர்த்து ஒரு மெழுகுதிரி கொளுத்து" என்றாள். கொளுத்தினேன், செபம் மட்டும் வாயில் வரவில்லை. மனைவியை அடுப்படியில் கட்டிப்போட்டுவிட்டு ஊர் சுற்றும் மனுசன் என்று அத்தானை மனதுக்குள் திட்டிக்கொண்டே நின்றேன். திரும்பும்போது வானுக்குள் கணவரிடம் முணுமுணுத்தபோது, "அக்காவுக்குச் சமைக்க விருப்பம். விடப்பா" என்றார். பின்னேரம் நாங்கள் திரும்பி வந்தால் கறி, சோறு எல்லாம் தயாராக இருக்கும். சாப்பிட்டு முடிந்ததும் சமைத்த களைப்பு என்று அக்கா படுத்துவிடுவாள். நான் கோப்பை கழுவுவேன். ஒரு வார்த்தை தனியாகப் பேச முடியவில்லை.

கடைசிக்கு முதல் நாள் காளான் பொறுக்கல். அந்த நாட்டில் கூடை இல்லாமல் காட்டுக்குள் போகிறவரே இல்லை. வீட்டுக்குப் பின்னால்தான் காடு. அத்தான் ஒவ்வொரு காளானையும் தூக்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கத் தொடங்க, தலையிடிக்குது என்று சொல்லிவிட்டு நான் திரும்பினேன். பொய்தான். இன்றைக்கு அக்காவை விடுவதில்லை என்ற முடிவோடு போனேன்.

அடுப்பு அணைந்திருந்தது. மேசையில் சோறு, கோழிக்கறி, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல், எல்லாம் மூடியபடி ஆறிப்போய் இருந்தன. எப்போதோ சமைத்தவை. அக்கா நீள வாங்குப் பலகையில் ஆகஸ்ட் மாதத்தில் கம்பளி போர்த்துக்கொண்டு நித்திரை. ஸ்டைல் என்று சொன்ன முடி பக்கத்துக் கதிரையில் தொங்கியது. தலையில் ஒன்றும் இல்லை.

அவள் கண் விழித்து என்னைக் கண்டதும் முதலில் முடியைத்தான் தேடினாள். பிறகு விட்டுவிட்டாள்.

"கட்டி திரும்ப வந்திட்டுது. மருந்து ஏத்துகினம்."

"ஆர் சமைச்சது?"

"அத்தான்தான். விடிய எழும்பி. நான் கதிரையில இருந்து உப்புப் புளி பாத்துச் சொல்லுறது."

"எனக்கேன் சொல்லேல்லை?" என்று கத்தினேன்.

"சொன்னா நீ என்ர மூஞ்சியைப் பாத்துக் கிழமை முழுக்க அழுவாய். அதைப் பாக்க எனக்குப் பெலனில்லையடி. நீங்கள் வெளிய போனாத்தான் நான் கொஞ்சம் கண் அயருவன்."

கோபம் கோபமாக வந்தது. அவள்மேல், அத்தான்மேல், எல்லாரையும்விட எங்கள்மேல். ஒரு ஆம்பிளை கிழமை முழுவதும் ஓர் இடத்துக்கும் வராமல் வீட்டில் நின்றிருந்தால், இரண்டாம் நாளே உடம்புக்கு என்ன வருத்தம் என்று கேட்டிருப்போம். பெண் சமைக்க நிற்கிறேன் என்றால் ஒருவருக்கும் சந்தேகம் வருவதில்லை. கேட்க எவ்வளவோ இருந்தது. அவள் மறுபடி கண்ணை மூடிவிட்டாள்.

வாசலில் சத்தம் கேட்டதும் எழும்பி, முடியை மாட்டி, கரண்டியைக் கையில் எடுத்தாள். நான் ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினேன். அத்தான் கூடையோடு வந்து அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூடையை என் பக்கத்தில் இறக்கி வைத்தார். சாப்பிடும்போது "அக்கான்ர கைப்பக்குவம் தனி" என்றார் என் கணவர். அத்தான் தலை நிமிராமல் சாப்பிட்டார்.

மறுநாள், கடைசி நாள், ஏதோ ஒரு கோபுரம் பார்க்கப் போவதாக இருந்தது. அத்தான் சாவியோடு வாசலில் நின்றார். முதல் தடவையாக என்னை அவர் வெளிக்கிடச் சொல்லவில்லை. விரும்பினால் நில்லுங்கள் என்று அர்த்தம். அக்கா மேசையில் இருந்தாள். கண்ணைத் திறந்து வைத்திருக்கவே பாடுபட்டாள். நான் நின்றால் அவள் படுக்கமாட்டாள். தேத்தண்ணி போட்டுத் தந்து, பழைய கதை பேசி, சிரித்துக்கொண்டே இருப்பாள்.

"போட்டு வாறன் அக்கா" என்றேன். எல்லாருக்கும் முதல் நான்தான் போய் வானில் ஏறினேன்.