மூணு மா

திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவில் ஹபீபுன்னிசாவின் உரக்கடைக்குப் போனால், கேட்டதைச் சட்டென்று எடுத்துத் தந்துவிட மாட்டாள். எந்த வயல், நடவா விதைப்பா, தண்ணீர் நிற்கிறதா என்று குறுக்கு விசாரணை நடக்கும். காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு இது என்ன தலையெழுத்து என்று முணுமுணுத்தவர்களும் மறுமுறை அவளிடம்தான் வந்தார்கள். கணவர் இறந்தபின் கடையை நிமிர்த்தியது அந்த வாய்தான்.

அந்த வாயைத்தான் போன வருஷம் மெஷினுக்குக் கொடுத்தாள். சூர்யபிரகாஷ் என்கிற கம்பெனிக்காரர் வந்து, விவசாயி வாட்ஸ்அப்பில் கேட்டால் ஏஐ பதில் சொல்லும், அதுவும் உங்கள் குரலிலேயே சொல்லும் என்றார். ஒரு மத்தியானம் முழுக்க அவளைப் பேசவைத்துப் பதிவு செய்துகொண்டு போனார். தொண்டைக்கு ஓய்வு கிடைத்ததில் அவளுக்கு ஏகச் சந்தோஷம். நாளடைவில் கல்லாவில் உட்கார்ந்து கேள்வி கேட்பதையே விட்டுவிட்டாள். எல்லாம் மெஷின் கேட்டிருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

பல வருஷமாக அந்தக் கடைக்கே வருகிற வீரையன் சம்பா நட்ட வயலில் களை மண்டியது. புதிதாக வந்த களைக்கொல்லியைப் பற்றி, "மூணு மாவுக்கு எவ்வளவு மருந்து?" என்று வாட்ஸ்அப்பில் மெஷினிடம் கேட்டார். இந்தப் பக்கத்தில் மூன்று மா சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர். பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும், மெஷினுக்குத் தெரியவில்லை. மூன்று ஏக்கர் என்று எடுத்துக்கொண்டு, ஏக்கருக்கு ஒன்றாக மூன்று பாட்டில் என்றது. வீரையன் கடைக்கு வந்து மூன்று கேட்டார். ஹபீபுன்னிசா எடுத்துக் கொடுத்தாள். வாரம் திரும்புவதற்குள் களையோடு பயிரும் கருகியது.

வீரையன் புகார் கொடுத்தார். பூதலூர் வேளாண்மை அலுவலகத்தில் விசாரணை. லைசென்ஸ் போனால் கடை இல்லை, கடையை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பும் தெரியாது. முதல்நாளிலிருந்தே சோறு இறங்கவில்லை.

அலுவலக வாசலில் சூர்யபிரகாஷ் போனில் பிடித்தார்.

"மேடம், மான்னு சொன்னது அவர் தப்பு. ஏக்கர்னு தெளிவா கேட்டிருக்கணும். அப்படியே சொல்லிடுங்க, லைசென்ஸ் தப்பிச்சிடும்."

"அதை நீங்களே வந்து சொல்லுங்களேன்."

"கடை பேர்ல போற பதிலுக்குக் கடைதான் பொறுப்புன்னு நீங்கதானே மேடம் கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

ஆதாயத்துக்குப் பங்காளி, அடி விழும்போது வெளியாள்! போனை வெடுக்கென்று வைத்தாள். ஆனாலும் அந்த ஆள் காட்டிய வழி மனதில் ஒட்டிக்கொண்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி வீரையன் தலையில் இறங்கிவிடும்.

உள்ளே அதிகாரி பஞ்சநதம் அந்தப் பதிலைப் போட்டுக்காட்டச் சொன்னதும் வீரையன் போனைத் தட்டினார். அறை முழுக்க அவள் குரல்.

"கவலைப்படாதீங்க அண்ணே, மூணு பாட்டில் வாங்கிக்குங்க. ஒரு களை நிக்காது."

அவளே சொன்னதுபோல் அத்தனை வாஞ்சை.

"இது நீங்க பேசினதாம்மா, மெஷினா?" என்றார் பஞ்சநதம்.

அவர் மான்னு கேட்டுட்டாரு சார் என்கிற பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எதிரே வீரையன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெஷின்தான் சார்," என்றாள். "ஆனா அதுக்கு மா தெரியாது. எனக்குத் தெரியும். அண்ணனுக்கு இருக்கிறதே மூணு மாதான்னும் தெரியும். தெரிஞ்சிருந்தும் ஒரு வார்த்தை கேக்காம எடுத்துக் குடுத்துட்டேன்."

பஞ்சநதம் எழுதுவதை நிறுத்தினார். "யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"ஆமா சார்."

லைசென்ஸை நிறுத்திவைக்கும் உத்தரவு அங்கேயே கைக்கு வந்தது. நஷ்டஈடும் கடை தலையில்தான் விடியும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வாசலில் வீரையன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க அவள் பக்கத்தில் போனாள். அவர் நிமிரவில்லை.

"இத்தனை வருஷமா ஆயிரம் கேள்வி கேட்டு உயிரை எடுத்தீங்களே பாயம்மா," என்றார். "அன்னைக்கு மட்டும் ஏன் கேக்காம விட்டீங்க?"